பாப்பாதான் தவுக்கே: மாற்றுத்திறன் பிள்ளையோடு கற்பனை விளையாட்டைத் தொடங்குவது எப்படி

தெரபி முடிந்து கிளம்பும்போது ஏறக்குறைய எல்லாப் பெற்றோரிடமும் இதைச் சொல்லி அனுப்புவார்கள்: "வீட்டில பிள்ளையோட நிறைய விளையாடுங்க." எனக்கும் சொன்னார்கள். அப்போது மகளுக்கு மூன்று வயது. செரிப்ரல் பால்சி. இரண்டு கால்களும் இறுகியிருக்கும், வலது கை சொன்னபடி கேட்காது, பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து, ஒரு பை நிறைய விளையாட்டுச் சாமான்களைத் தரையில் கொட்டிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "இது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்? எங்க, எடுத்துக் குடு பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டே போனேன். பத்து நிமிடத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் நடத்தியது பரீட்சை என்று புரிய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். பிள்ளையின் நிலைமையை டாக்டர் வாயால் இப்போதுதான் கேட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தெரபிஸ்ட் இல்லை. அவர்கள் சொன்னதை வீட்டில் செய்து பார்த்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தெரிந்துகொண்ட ஒரு அம்மா.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நம் பிள்ளைகளின் ஒரு நாளை காலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். யாரோ தூக்குகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், சட்டை மாட்டுகிறார்கள், ஊட்டுகிறார்கள், காலை நீட்டி மடக்குகிறார்கள். எல்லாம் அன்போடுதான் நடக்கிறது. ஆனால் பிள்ளை சொல்லி நடந்தது என்று அந்த நாளில் என்ன இருக்கிறது? கற்பனை விளையாட்டில்தான் அது முதன்முதலாக உத்தரவு போடுகிறது, பெரியவர்கள் கேட்கிறார்கள். அதனால் நீங்கள் எந்த விளையாட்டைத் தொடங்கினாலும் பிள்ளைக்கு முதலாளி வேஷம், உங்களுக்குச் சின்ன வேஷம். பாப்பாதான் தவுக்கே.

உட்காருமிடம்

விளையாட்டுச் சாமான் வாங்கப் போவதற்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டு ஊசியில் நூல் கோக்க முடியுமா? விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இருக்கும் பிள்ளையின் நிலைமை அதுதான். இருக்கிற கவனம் எல்லாம் உடம்பை நிமிர்த்தி வைப்பதிலேயே தீர்ந்துபோகும்.

நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க வேண்டும், முட்டி மடங்கியிருக்க வேண்டும், இரண்டு பாதங்களும் எதன் மீதாவது முழுசாகப் பதிந்திருக்க வேண்டும். காற்றில் தொங்கும் கால் கையையும் தடுமாற வைக்கும். பாதம் எட்டவில்லையென்றால் தடித்த புத்தகங்களை டேப் சுற்றி ஒட்டி அடியில் வையுங்கள். நாங்கள் அப்படித்தான் இரண்டு வருடம் ஓட்டினோம். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். தரையில் உட்காரும் பிள்ளை என்றால் இரண்டு சுவர்கள் சேரும் மூலை நல்ல இடம், முதுகுக்கும் தோளுக்கும் சுவரே பிடிமானம். இரண்டு பக்கமும் தலையணை, தேவைப்பட்டால் தொடைக்கு வெளிப்பக்கம் உருட்டிய துண்டு. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை அரசாங்க மருத்துவமனையில் "பெமுலிஹான் சாரா கெர்ஜா" (ஆக்குபேஷனல் தெரபி) என்ற பிரிவில் இருக்கும் தெரபிஸ்டிடம் கேளுங்கள். வீட்டு நாற்காலியைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

அலமாரித் தட்டில் விரிக்கும் ரப்பர் வலை மலிவுக் கடைகளில் கிடைக்கும். அதில் ஒரு துண்டு வெட்டி மேசையில் போடுங்கள். கோப்பை நழுவாது. கோப்பை நழுவாமல் இருந்தால் பிள்ளை இரண்டாவது முறையும் முயற்சி செய்யும். பார்வையிலும் சிரமம் உள்ள பிள்ளைகள் நிறையப் பேர், செரிப்ரல் பால்சியோடு அது சேர்ந்தே வருவதுண்டு. அவர்களுக்கு கறுப்புத் துணி விரித்து அதன்மேல் மஞ்சள் கோப்பை, சிவப்புத் தட்டு என்று இரண்டு மூன்று பொருள் மட்டும் வைத்தால் போதும். பூப்போட்ட மேசை விரிப்பில் எதுவும் கண்ணுக்குப் பிடிபடாது.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக: பசி, தூக்கம், தெரபி முடிந்த களைப்பு, இந்த மூன்றும் இல்லாத நேரம். எங்கள் வீட்டில் சாயங்காலம் குளித்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால். டிவி அணைந்திருக்கும். 15 நிமிடம் போதும்.

மூன்று நாள் சும்மா பாருங்கள்

எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பார்கள். பிள்ளையே சொல்லும், நாம்தான் பார்க்க வேண்டும். மூன்று நாள் எதையும் சொல்லித்தராமல், அது எதை உற்றுப் பார்க்கிறது, எந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்புகிறது என்று குறித்து வையுங்கள். பாப்பா காரில் போனால் டோல் சாவடியைப் பார்ப்பாள். கோயிலில் மணியைப் பார்ப்பாள். மாமாக் கடைக்கு, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு, போனால் போதும், தே தாரிக் என்ற பால் தேநீரைத் தூக்கி ஆற்றுகிறவரை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டாள். எங்களுக்கு விளையாட்டு அங்கேதான் கிடைத்தது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கற்பனையில் பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கிறது? காலியான கோப்பையை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் செய்வது முதல் படி. பொம்மைக்கோ அம்மாவுக்கோ ஊட்டிவிடுவது அடுத்தது. வாழைப்பழத்தைக் காதில் வைத்துப் போன் பேசுவது, அதாவது ஒரு பொருளை இன்னொன்றாக நினைப்பது, அதற்கு மேலே. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது: தண்ணீர் கொதிக்க வை, ஊற்று, ஆற்று, கொடு. கடைசியில் "நான்தான் கடைக்காரர்" என்று வேறொருவராகவே மாறுவது. பொதுவாகப் பிள்ளைகள் ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயதுக்குள் இந்தப் படிகளை ஏறிவிடுகிறார்கள். நம் பிள்ளைக்கு எட்டு வயதில் முதல் படி என்றால் எட்டு வயதில் முதல் படியிலிருந்து ஆரம்பியுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து மூன்றாவது படிக்குத் தாவினால் விளையாட்டு நின்றுபோகும். ஒரு படி மேலே நீங்கள் செய்து காட்டலாம், அவ்வளவுதான்.

கையால் பொருளைப் பிடிக்கவே முடியாத பிள்ளையும் கற்பனை செய்யும். அதன் கண் போகும் இடத்தைப் பாருங்கள். எதை ஊற்ற வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று கண்ணாலேயே முடிவுசெய்ய முடியும். அப்போது நீங்கள் அதன் கை. அதன் கையாக மட்டும் இருங்கள், மூளையாகவும் ஆகிவிடாதீர்கள்.

கடை திறப்பு

சரி, மாமாக் கடையை எப்படிப் போடுவது?

சாமான்கள் வீட்டிலேயே இருக்கும். கைப்பிடி உள்ள இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகள், கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள், விரல் முழுக்க மடங்காத பிள்ளைக்கும் பிடி கிடைக்கும். ரொட்டி சானாய்க்கு, அதாவது பரோட்டாவுக்கு, ஒரு பெரிய கைக்குட்டை. வீசலாம், மடிக்கலாம், தட்டில் போட்டு இரண்டு கையாலும் அடித்து நொறுக்கலாம். ஒரு தட்டு, ஒரு சின்ன நோட்டு, பென்சில். கிறுக்கினால் போதும், பில் ஆகிவிடும். காசுக்குப் பாட்டில் மூடிகள், ஆனால் எதையும் வாயில் போடும் பிள்ளை என்றால் மூடியோ மணியோ சின்னதாக எதுவுமே வேண்டாம். விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு நிஜத் தண்ணீர், நிஜச் சாப்பாடு வைத்து விளையாடுவதற்கு முன்னால் தெரபிஸ்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் தண்ணீரே இல்லாமல் விளையாடினோம். பிறகு குளியலறையில், தரை நனைந்தால் பரவாயில்லை என்ற இடத்தில், நிஜத் தண்ணீரோடு. இடது கை ஊற்ற வேண்டும், வலது கை கோப்பையைப் பிடித்திருக்க வேண்டும். வலது கையைப் பயன்படுத்தச் சொல்லித் தெரபிஸ்ட் மாதக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார். தே தாரிக் ஆற்றுவதற்காக அந்தக் கை தானாக வந்தது. இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அதைப் பார்த்த சந்தோஷத்தில் நான் மறுநாளே "வலது கை, வலது கை" என்று கத்த ஆரம்பித்துவிட்டேன். அவள் கடையை மூடிவிட்டாள். இரண்டு வாரம் கோப்பையைத் தொடவில்லை. கை வந்தால் மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள், வாயால் தே கேளுங்கள்.

நீங்கள் வாடிக்கையாளர். கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். "தவுக்கே, ஒரு தே தாரிக்." பிறகு காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பிள்ளை கோப்பையைப் பார்க்கிறது, கை கிளம்புகிறது, வழியில் நிற்கிறது, திரும்பப் போகிறது. நம் கை தானாகவே உதவிக்கு ஓடும். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து வினாடியில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். உள்ளே அது கையை எப்படிக் கொண்டுபோவது என்று திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. அவசரப்படுத்தினால் இறுக்கம் உள்ள பிள்ளைக்குத் தசை இன்னும் இறுகும். கடைக்கு வந்த ஆள் எழுந்துபோய்த் தவுக்கேயின் கையைப் பிடித்து ஊற்ற மாட்டாரே, அப்படி உட்கார்ந்திருங்கள்.

"கெட்டிக்காரி! சூப்பர்!" என்று ஒவ்வொரு முறையும் கைதட்டுவதையும் நான் நிறுத்திவிட்டேன். நிஜக் கடையில் யாரும் தே கொண்டுவந்தவருக்குக் கைதட்டுவதில்லை. குடிக்கிறார்கள், "இன்னொன்னு" என்கிறார்கள். நான் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டி "இனிப்பு ஜாஸ்தி" என்றால் அவள் முகத்தில் வரும் கவனம், கைதட்டும்போது ஒருநாளும் வந்ததில்லை.

கடை திறந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் ரொட்டி கேட்டேன். பாப்பா என்னை நேராகப் பார்த்தாள். எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். "ஹபிஸ்" என்றாள். முடிந்துவிட்டதாம். கைக்குட்டை அவள் மடியிலேயே இருக்கிறது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அடக்கிக்கொண்டு "ஐயோ, அப்ப தோசை?" என்றேன். "ஹபிஸ்." "நாசி?" என்று சோறு கேட்டேன். "ஹபிஸ்!" மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அன்றைக்குக் கடையில் எதுவுமே இல்லை. பசியோடு அனுப்பிவிட்டாள். பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் ஆட்பட்டே பழகிய பிள்ளை, பெரிய ஆளிடம் இல்லை என்று சொல்லலாம், சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார் என்று அன்றைக்குக் கண்டுபிடித்தது. உங்கள் பிள்ளை விளையாட்டில் உங்களை மறுத்தால், ஏமாற்றினால், காசை வாங்கிக்கொண்டு தே தராவிட்டால், தயவுசெய்து திருத்தாதீர்கள்.

பேச்சு வராத பிள்ளை தவுக்கே ஆக முடியுமா என்று கேட்காதீர்கள், முடியும். நம் குரலைப் பதிவுசெய்து, அமுக்கினால் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லும் பெரிய பொத்தான்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. கையோ தலையோ முழங்கையோ, எது நன்றாக அசைகிறதோ அதன் பக்கத்தில் வையுங்கள். அதில் உங்கள் குரலைப் பதியாதீர்கள். அதே வயதுள்ள ஒரு பிள்ளையை, பெண்ணென்றால் பெண் குரலில், ஆணென்றால் ஆண் குரலில் பேசச் சொல்லிப் பதியுங்கள், அப்போதுதான் அது அதன் குரலாக இருக்கும். "ஹபிஸ்" என்பதை மறக்காமல் பதியுங்கள். "வேண்டும்", "நன்றி" மட்டும் பதிந்து கொடுத்தால் பணிவு மட்டும்தான் பழகும். பொத்தான் இல்லையென்றால் இரண்டு படங்கள் ஒட்டிய அட்டை போதும், ஒன்றில் ரொட்டி, ஒன்றில் பெருக்கல் குறி.

பாட்டியும் அண்ணனும்

என் மாமியாருக்குப் பேத்தி மேல் உயிர். பாப்பா கோப்பையைத் தூக்கத் தடுமாறும்போது அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "பாவம்மா, அவளுக்கு எங்க முடியும், குடு நான் ஊத்துறேன்" என்று வந்துவிடுவார். எத்தனையோ முறை விளக்கிச் சொன்னேன், பயனில்லை. பிறகுதான் அவருக்கும் ஒரு வேஷம் கொடுக்கலாம் என்று தோன்றியது. "அத்தே, நீங்க பஸ் பிடிச்சு பட்டர்வொர்த்திலிருந்து வர்றீங்க, முட்டி வலி, எழுந்திருக்கவே முடியல, ஒரு தே கேளுங்க." உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். முட்டி வலி நிஜம் என்பதால் நடிப்பும் பிரமாதம். உதவி செய்தே பழகியவர்களுக்கு "உதவாதீங்க" என்றால் மனம் நோகும். உதவி தேவைப்படும் ஆளாக ஒரு வேஷம் கொடுத்துவிடுங்கள்.

அண்ணன், தங்கை, பெரியப்பா பிள்ளைகள் சேரும்போது வேறொரு சிக்கல் வரும், அதைக் கவனமாகப் பாருங்கள். வீடு விளையாட்டு என்றால் நம் பிள்ளைதான் எப்போதும் கைக்குழந்தை. ஆஸ்பத்திரி விளையாட்டு என்றால் நோயாளி. பள்ளிக்கூடம் என்றால் மாணவி. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. படுத்திருக்கும் வேஷத்தை உட்கார்ந்திருப்பவளுக்குக் கொடுத்துவிடுவது சுலபம், அவ்வளவுதான். நீங்கள் உள்ளே புகுந்து திட்டினால் அடுத்த முறை சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். விளையாட்டு ஆரம்பிக்கும் முன்னால் ஒரு பொருளை அவள் கையில் கொடுங்கள்: விசில், மணி, டாக்டர் ஸ்டெதஸ்கோப், டிக்கெட் கட்டு. மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டிய ஒன்று அவளிடம் இருந்தால் அவளைச் சுற்றித்தான் விளையாட்டு நடக்கும்.

தைப்பூசம் முடிந்த வாரம் எங்கள் வீட்டில் தேர் விளையாட்டு. பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: முதல் நாளே தேர் கிளம்பித் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும், சீனர்களும் நம்மவர்களும் சேர்ந்து உடைப்பார்கள். 2017இலிருந்து வெள்ளித் தேரோடு தங்கத் தேரும் வருகிறது. மலைக்கோயிலின் 513 படிகளைப் பாப்பா ஏறியதில்லை, நாங்கள் தூக்கிக்கொண்டுதான் போனோம். அவளுடைய சக்கர நாற்காலியில் ஜிகினாக் காகிதமும் தோரணமும் கட்டினோம். பெரியப்பா பிள்ளைகள் இழுத்தார்கள், நாளிதழைச் சுருட்டிய தேங்காய்களை எறிந்தார்கள். அவளைச் சாமியாக உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு சுற்றுக்கு மேல் அவள் முகம் வாடிவிட்டது. என்ன வேண்டும் என்று கேட்டேன், காத்திருந்தேன். "போலீஸ்" என்றாள். சாமி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், போலீஸ்காரர்தானே கூட்டத்தை நிறுத்துகிறார், தேரைப் போகச் சொல்கிறார். விசிலைக் கொடுத்தோம். அவள் விசில் அடித்தால்தான் நாற்காலி நகரும், அடித்தால்தான் நிற்கும். அன்றைக்கு அந்த ஐந்து பிள்ளைகளும் அவள் விசிலுக்காக மூச்சு வாங்க நின்றார்கள். உங்கள் பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்றால் மட்டும் மினுக்கும் விளக்குச் சரத்தைத் தேரில் கட்டாதீர்கள், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயப்படுவதை விளையாடுங்கள்

ஊசி, ஸ்பிளிண்ட் (காலைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் கட்டு), புது தெரபி அறை, முடி வெட்டுவது. பிள்ளை எதற்குப் பயப்படுகிறதோ அதை வீட்டில் முன்கூட்டியே விளையாடிவிடலாம். காலுக்கு ஸ்பிளிண்ட் போட ஆரம்பித்தபோது பாப்பா தினமும் அழுதாள். அட்டைப்பெட்டியை வெட்டிப் பொம்மைக்கும் ஒரு ஸ்பிளிண்ட் செய்தேன், ஒட்டுப்பட்டை வைத்து. காலையில் முதலில் பொம்மைக்கு அவள் மாட்டுவாள், பிறகு அவளுக்கு நான். பொம்மையிடம் "வலிக்காது" என்று சொல்லித்தர வேண்டாம், நிஜத்தில் இறுக்கினால் வலிக்கும்தானே. "கொஞ்சம் இறுக்கமா இருக்கும், சொல்லு, தளர்த்துறேன்" என்று பொம்மையிடம் சொன்னேன். சில வாரத்தில் தெரபிஸ்டிடம் அவளே "இறுக்கம்" என்று சொன்னாள். அதற்கு முன்னால் அழுகை மட்டும்தான்.

ஒரே விளையாட்டை நூறு தடவை

பாப்பா போகும் மையத்துக்கு ஆட்டிசம் உள்ள ஒரு பையன் வருவான். கார்களை வரிசையாக அடுக்குவான், வேறு எதுவும் செய்யமாட்டான், யாராவது தொட்டால் கத்துவான். அவன் அம்மா அந்த வரிசையைக் கலைத்துப் பார்த்தார், கார்களை ஒளித்து வைத்தும் பார்த்தார். பிறகு ஒருநாள் அவன் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, தானும் ஒரு கார் வரிசை அடுக்கினார். நாலு நாள் அவ்வளவுதான். ஐந்தாம் நாள் அவன் வரிசைக்கு முன்னால், எதையும் தொடாமல், ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து "பாலத்தில ஜாம், டோல் கட்டணும்" என்றார். பினாங்குப் பாலத்தில் காலை நேரம் போகிற எல்லாருக்கும் அந்த ஜாம் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கிறது. பென்சிலைப் பார்த்தான். எடுத்தான். ஒரு கார் போனது. திரும்ப வைத்தான். இப்போது டோல் சாவடியில் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்பது அவன் முடிவு.

திரும்பத் திரும்ப ஒன்றையே செய்வதில் பிள்ளைக்கு நிம்மதி இருக்கிறது, அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரியும். கலைக்காமல் ஒரே ஒரு சின்ன மாற்றம் மட்டும் சேருங்கள், ஏற்காவிட்டால் எடுத்துவிட்டு அடுத்த வாரம் பாருங்கள். மாவு, மணல், ஈரம் கையில் பட்டால் பிடிக்காத பிள்ளைக்கு ஒரு கரண்டி கொடுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்த வேண்டாம்.

வீட்டுக் கடையிலிருந்து நிஜக் கடைக்கு

முதல் முறை நான் செய்த தவற்றை அப்படியே சொல்கிறேன். வீட்டில் ஒரு வருடம் கடை நடத்தியவள், நிஜக் கடையில் தானே ஆர்டர் சொல்வாள் என்று சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கூட்டிப்போனேன். கூட்டம், சத்தம், கால்பந்து ஆட்டம் வேறு. ஆர்டர் எடுக்க வந்தவர் அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு என்ன வேணும்?" என்றார். பழக்க தோஷத்தில் நானே பதில் சொல்லிவிட்டேன். வீடு வரும்வரை அழுதாள். தப்பு அந்த அண்ணனுடையதாக எனக்குப் படவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் அந்த இடத்தில் சொல்லவில்லை.

அடுத்த ஒரு மாதம் அந்தக் காட்சியையே வீட்டில் விளையாடினோம். அவள் அப்பா கடை ஆள். வேண்டுமென்றே என்னைப் பார்த்துக் கேட்பார். நான் வாயைத் திறக்கமாட்டேன். பாப்பா மேசையைத் தட்டி "நான்!" என்று சொல்ல வேண்டும். முதலில் கோபத்தோடு தட்டினாள், பிறகு சிரித்துக்கொண்டே, கடைசியில் சாதாரணமாக. வெளியே பிள்ளைக்கு எது நேருமோ, அந்தக் கஷ்டமான பகுதியை விட்டுவிடாமல் விளையாடுங்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போனோம், கூட்டமில்லாத நேரம். உள்ளே போனதும் கல்லாவில் இருந்தவரிடம், "மகளே ஆர்டர் சொல்வா, கொஞ்சம் நேரமாகும், காத்திருப்பீங்களாண்ணே?" என்று கேட்டேன். தலையாட்டினார். ஆள் வந்தார், பழக்கத்தில் என்னைத்தான் பார்த்தார். "அவகிட்டயே கேளுங்கண்ணே" என்றேன். குனிந்து அவளைப் பார்த்தார். நான் எண்ண ஆரம்பித்தேன். பத்தைத் தாண்டிப் பதினான்குக்குப் போய்விட்டது. "தே ஓ ஐஸ்" என்றாள். பால் இல்லாத ஐஸ் தேநீர். அவர் எழுதிக்கொண்டு திரும்பினார். "கூராங் மானிஸ்!" என்று பின்னாலிருந்து கத்தினாள். சர்க்கரை குறைவாக. நான் வீட்டில் அவளிடம் குறை சொல்வேனே, அது.

பெட்டிக்குள் உட்கார்ந்து ஃபெரி ஓட்டும் பிள்ளையை நிஜ ஃபெரியில் கூட்டிப்போவது, டிக்கெட் விளையாட்டு பழகிய பிள்ளையை பஸ்ஸில் ஏற்றுவது, எல்லாவற்றுக்கும் இதே வழிதான். முதலில் வீடு, பிறகு கஷ்டமான பகுதியோடு வீடு, பிறகு கூட்டமில்லாத நேரத்தில் வெளியே. சக்கர நாற்காலியோடு வெளியே விளையாட இடம் தேடினால் பாடாங் கோத்தா லாமா கடலோரம் நல்ல சமதளம், வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். அவளுடைய தேர் இப்போது அங்கேதான் ஓடுகிறது.

உதவி கேட்க வேண்டிய இடங்கள்

இன்னும் பதியாதவர்கள் சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டைக்குப் பதிந்துகொள்ளுங்கள். கட்டணம் இல்லை, டாக்டர் சான்று வேண்டும். உடல், கற்றல், செவி, பார்வை, பேச்சு, மனநலம், ஒன்றுக்கு மேற்பட்டவை என 7 பிரிவுகள் உண்டு. ஆட்டிசமும் டவுன் சிண்ட்ரோமும் கற்றல் பிரிவில் வரும். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், அதைக் கேட்டு ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

பிடிகே என்று சொல்லப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் 1984இல் திரெங்கானுவில் தொடங்கி இப்போது நாடு முழுக்க இருக்கின்றன, சமூக நல இலாகாவின் கீழ். உங்கள் வட்டாரத்தில் எது என்று அங்கேயே கேளுங்கள். போகும்போது "என் பிள்ளையோட வீட்டில எப்படி விளையாடுறது, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று குறிப்பாகக் கேளுங்கள். சொல்வதைக் கேட்டுவிட்டு வராமல், செய்து காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருப்பவர்களும் பார்க்க வேண்டும்.

கடை அடைப்பு

விளையாட்டை எப்படி முடிப்பது என்பதற்கு நான் கடைசியாகத்தான் வழி கண்டுபிடித்தேன், அதுவரை தினமும் சண்டைதான். "போதும், சாப்பிட வா" என்று சாமான்களை அள்ளினால், தவுக்கேயாக இருந்தவள் ஒரே நொடியில் தூக்கிப் போகப்படும் பிள்ளையாகிவிடுகிறாள். அதனால் இப்போது கடையை அவளே அடைக்கிறாள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நான் "கடைசி ஆர்டர்" என்பேன். அவள் ஒரு துணியால் மேசையைத் துடைப்பாள், வலது கையால், யாரும் சொல்லாமலே. கோப்பைகளைக் கவிழ்த்து வைப்பாள். அப்புறம் நாளைக்குக் கடையில் என்ன இருக்கும் என்று அவள் சொல்ல, நான் ஒரு சீட்டில் எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்ட வேண்டும். நேற்று மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ். அதற்கு நூல் கேட்டிருக்கிறாள், மஞ்சள் நூல். பாட்டியின் தையல் டப்பாவில் தேட வேண்டும்.